சித்ரா பௌர்ணமி நிலா: கண்ணை நம்பலாமா?

கேள்வி (நாகர்கோவில்):
கன்னியாகுமரிக் கடற்கரையில நிலா எழும்போது தாம்பாளம் மாதிரி இருக்கு, உச்சிக்கு வந்ததும் சுருங்கிடுது. கண்ணே இப்படின்னா வெளியுலகத்தை எப்படி அறியிறது?

பதில் (தக்கலை):
கையை முழுசா நீட்டி சுண்டுவிரலால மறைச்சுப் பாருங்க. விரல் அகலம் சுமார் 1 பாகை, நிலா அரைப் பாகை. ரெண்டு நேரமும் பாதி விரல்தான். முழங்கை மடங்கினா கணக்கு கெட்டுரும். உண்மையில, எழும்போது நிலா சுமார் 6,400 கி.மீ. கூடுதல் தூரத்துல இருக்கு. கொஞ்சம் சிறுசாவே தெரியணும்!

பதில் (குளச்சல்):
அண்ணே, அளந்த பிறகும் பெருசாத்தானே தெரியுது. அதுதான் முக்கியம்: 'பெருசு'ங்கிறது மூளை போடுற தீர்ப்பு. அதனாலதான் நியாயம்ங்கிற இந்தியத் தத்துவ மரபு, காட்சியோட அனுமானம், உவமை, சொல்னு நாலு பிரமாணம், அதாவது அறியிற வழி, வைக்குது.

கேள்வி கேட்டவர்:
விரலையும் கண்ணாலதானே பார்க்கிறேன்?

பதில் (தக்கலை):
சரியான கேள்வி. அதுக்குத்தான் கேமரா. ஜூமை மாத்தாம ரெண்டு படம் எடுத்து, நிலாவோட குறுக்களவை ஸ்கேல் வச்சு அளங்க. அடிவானத்துல காத்து ஒளியை வளைக்கும், மேல்கீழ் நசுங்கும். அதனால கிடையா அளக்கணும்.