ராமேஸ்வரம் தீவின் பழைய கட்டடங்களைப் பட்டியலிட எங்கிருந்து தொடங்கலாம்?

தெற்குவாடி எழுதியது:
பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகள் சிலர் சேர்ந்து தீவிலுள்ள பழைய கட்டடங்களைப் படமெடுத்து, அளந்து, பட்டியலாகப் போடலாம் என்று இருக்கிறோம். பெரிய கோயிலுக்கும் 1914-இல் திறந்த பாம்பன் பாலத்துக்கும் படம் எக்கச்சக்கமாக இருக்கிறது. எனக்குக் கவலை மற்றவற்றைப் பற்றித்தான். 1964 டிசம்பர் புயலில் போனது போக தனுஷ்கோடியில் மிஞ்சி நிற்கும் சர்ச் சுவர், ரயில்வே தண்ணீர்த் தொட்டி, உள்ளூர்ப் பழைய கிணறுகள், இதெல்லாம் கண்ணெதிரே உதிர்கிறது. அயர்லாந்தில் சின்ன ஊர்களுக்குக்கூட இப்படிப் பட்டியல் இருக்கிறதாமே, அங்கே எப்படிச் செய்கிறார்கள்? அப்புறம், அந்த சர்ச் சுவரைப் பழுது பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா, இல்லை அப்படியே விடுவது நல்லதா?

லிமரிக் அக்கா எழுதியது:
தம்பி, எனக்குச் சொந்த ஊர் உச்சிப்புளி, இப்போது அயர்லாந்தில் லிமரிக் நகரத்தில் நர்ஸ் வேலை. இங்கிருந்து ஷானன் ஆற்றோடு மேலே போனால் கில்லலூ என்று ஒரு சின்ன ஊர் வரும். ஆற்றின் குறுக்கே 13 வளைவு வைத்த பழைய கல் பாலம், கரையில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த புனித ஃப்ளானன் பேராலயம், பக்கத்திலேயே கூரையும் கல்லாலேயே அமைந்த சிறு ஜெபக்கூடம். பேராலயத்துக்குள் ஒரு கல் இருக்கிறது, வைக்கிங்குகளின் ரூன் எழுத்தும் அயர்லாந்தின் ஓகம் எழுத்தும் ஒரே கல்லில்!

ஆனால் உங்கள் கேள்விக்குப் பக்கமானது இன்னொன்று. ஊருக்குக் கீழே ஆற்றுத் தீவு ஒன்றில் புனித லுவாவின் பழைய ஜெபக்கூடம் இருந்தது. 1929-இல் ஆர்ட்னக்ருஷா நீர்மின் நிலையத்துக்காக ஆற்று மட்டத்தை உயர்த்தியபோது தீவு முழுகப் போகிறது என்று தெரிந்து, அதைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மேட்டில் கத்தோலிக்கக் கோயில் வளாகத்தில் திரும்பக் கட்டினார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். அங்கே தண்ணீர் எப்போது ஏறும் என்று தெரிந்திருந்தது, நமக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் தனுஷ்கோடிச் சுவரை இடம் மாற்றும் பேச்சே வேண்டாம் என்பேன், அந்தச் சுவர் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

பட்டியலை இங்கே அரசே நடத்துகிறது. பேராலயம், பாலம் மட்டுமில்லை, தெருவோரத் தண்ணீர் பம்பு, தபால் பெட்டி வரைக்கும் படத்தோடு ஏற்றி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்தப் பம்பைப் பற்றிப் படித்தபோதுதான் நம்மூர்க் கிணறுகளை நினைத்துக்கொண்டேன்.

காரைவீடு எழுதியது:
எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கொத்து வேலை. சிமெண்ட் பூச மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்பும். உப்பு ஈரம் கல்லுக்குள்ளே ஏறி வெளியே வந்தபடியே இருக்கும், சுண்ணாம்பு அதை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும், அப்புறம் உப்பு பொரிந்து கல்லே தோல் தோலாக உரியும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசுவதுதான் பழைய முறை. புதுப் பவளக்கல் எடுத்து இட்டு நிரப்பவும் வழியில்லை, கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, தொட்டாலே வழக்கு. ஆகவே விழுந்து கிடக்கும் பழைய கல் ஒவ்வொன்றும் முக்கியம், அதைப் பொறுக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய வேலை.

கீழக்கரைவாசி எழுதியது:
ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் போல மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். யார் பட்டியலிலும் இல்லாததுதான் முதலில் போகும். எங்கள் ஊரில் பழைய பள்ளிவாசலைத் தேடி வெளியூரிலிருந்து வருகிறார்கள், கல் தூண்களைப் பார்த்து அசந்து போகிறார்கள். அதே தெருவில் பண்டகசாலையும் திண்ணை வீடும் பாகப்பிரிவினை ஆன மறுமாதமே தரைமட்டமாகிறது, ஒரு படம்கூட மிஞ்சுவதில்லை. வீட்டுக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள், இடிக்கக் கூடாது என்று ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். படம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றால் டீ கொடுத்து உட்கார வைத்துச் சொல்வார்கள்.

தெற்குவாடி எழுதியது:
அக்காவுக்கும் அண்ணன்களுக்கும் நன்றி. கிணறுகளில் தொடங்குகிறோம், யாரிடமும் சண்டை வராது. காரைவீடு அண்ணே, எது சுண்ணாம்புப் பூச்சு, எது பின்னால் வந்த சிமெண்ட் என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா? முடியுமென்றால் இங்கேயே ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன்.