எஃப்எஃப்டி வரைபடத்தில் 130 ஹெர்ட்ஸில் ஒரு பீக்: எங்கிருந்து வருகிறது?

கேள்வி

வணக்கம். மோட்டாரும் கியர்பாக்ஸும் சேர்ந்த ஒரு அமைப்பின் அதிர்வை அளக்கிறேன். 3.3 வோல்ட்டில் ஓடும் மெம்ஸ் ஆக்சிலரோமீட்டர் (சிப் வடிவ அதிர்வு சென்சார்) மாட்டியிருக்கிறேன். அதன் அனலாக் அவுட்புட்டை மைக்ரோகன்ட்ரோலரின் ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) நேரடியாகப் படிக்கிறது. சாம்ப்ளிங் ரேட் 1000 ஹெர்ட்ஸ். 1024 சாம்பிள் சேர்ந்ததும் பைத்தானில் நம்பை நூலகத்தின் எஃப்எஃப்டிக்கு (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) கொடுத்து, வரும் எண்களின் மட்டு மதிப்பை வரைகிறேன்.

முதலில் சிக்னல் ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் சைன் அலை, வீச்சு 1 வோல்ட், 1.65 வோல்ட் டிசி (மாறாத வோல்ட்டேஜ்) மேல் உட்கார்ந்திருக்கிறது. வரைபடத்தில் பூஜ்ஜியத்தில் 1690 வருகிறது. 49.8 ஹெர்ட்ஸில் 479, அடுத்த கோட்டில் 120, முந்தைய கோட்டில் 80. வலது ஓரத்தில் 950 பக்கமும் இதே உருவம் திரும்ப வருகிறது. 1 வோல்ட் எங்கே போனது?

மோட்டாரில் மாட்டினால் 24 ஹெர்ட்ஸில் ஒரு பீக். இது புரிகிறது, டேகோமீட்டர் 1450 ஆர்பிஎம் காட்டுகிறது, 60-ஆல் வகுத்தால் 24.17. 48க்கும் 50க்கும் நடுவில் ஒரு தடித்த மேடு. அப்புறம் 130 ஹெர்ட்ஸில் நல்ல உயரமாக ஒன்று, அதன் இரு பக்கமும் 106, 154 அருகே சின்னதாக இரண்டு. இந்த மூன்றுக்கும் காரணம் தெரியவில்லை. நிரல் தவறா, வயரிங் தவறா, மோட்டாரில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா?

பதில் 1

ஜெனரேட்டர் சோதனையை முதலில் முடித்துவிடுவோம். அங்கே உங்கள் எண்கள் எல்லாம் சரியாகத்தான் வந்திருக்கின்றன, அளவுகோல் மட்டும்தான் போடவில்லை.

எஃப்எஃப்டி கூட்டிக்கொண்டே போகும், சராசரி எடுக்காது. அதனால் டிசி 1.65 × 1024, அதாவது சுமார் 1690 ஆகத் தெரிகிறது. சைன் அலையின் பங்கு பாதி பாதியாகப் பிரிந்து 50-லும் 950-லும் விழுகிறது. 950-ல் நீங்கள் பார்ப்பது எதிர்மறை அதிர்வெண். உள்ளே போகும் எண்கள் மெய்யெண்களாக இருந்தால் இந்தக் கண்ணாடி பிம்பம் எப்போதும் வரும். ஆர்எஃப்எஃப்டி ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் பாதி மட்டும் கிடைக்கும். அப்படிக் கிடைப்பதை 1024-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்குங்கள். பூஜ்ஜியக் கோட்டுக்கும் கடைசியில் வரும் 500 ஹெர்ட்ஸ் கோட்டுக்கும் மட்டும் அந்த 2 வேண்டாம். டிசி தேவையில்லை என்றால் எஃப்எஃப்டிக்கு முன்பே சராசரியைக் கழித்துவிடுங்கள்.

இப்போது 479 என்பது 0.936 வோல்ட் ஆகிறது. மிச்சம் ஏன் குறைகிறது? கோடுகளின் இடைவெளி 1000 ÷ 1024 = 0.977 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் 51.2-வது கோட்டில் விழ வேண்டும். அப்படி ஒரு கோடு இல்லை. 51-ல் பெரும்பகுதி விழுந்து, மற்றது அக்கம்பக்கம் சிந்துகிறது. இதுதான் லீக்கேஜ். 0.2 கோடு தள்ளியிருந்தால் சதுர விண்டோவில் (அதாவது பதிவை அப்படியே கொடுத்தால்) 0.9355 பங்குதான் கிடைக்கும், உங்கள் 0.936 அதோடு அப்படியே பொருந்துகிறது. இரண்டு கோடுகளுக்கு நட்ட நடுவில் விழுந்தால் இழப்பு 36 சதவீதம் வரை போகும்.

ஹான் விண்டோ போடுங்கள், அதாவது பதிவின் இரு ஓரங்களையும் மெல்லப் பூஜ்ஜியத்துக்குத் தணிக்கும் எண்களால் சாம்பிள்களைப் பெருக்குங்கள். போட்டதும் 1024-ஆல் வகுக்காமல் விண்டோ எண்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், இது ரொம்பப் பேர் விட்டுவிடும் இடம். அப்போது 0.975 வோல்ட் வரும். வீச்சு துல்லியமாக வேண்டும் என்றால் ஃப்ளாட்-டாப் விண்டோ இருக்கிறது, ஆனால் அதில் பீக் ரொம்ப அகலமாகிவிடும்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று. 1024க்குப் பதிலாக 1000 சாம்பிள் எடுத்தால் கோடுகள் சரியாக 1 ஹெர்ட்ஸ் இடைவெளியில் விழும், 50 ஹெர்ட்ஸ் சோதனை அலை சிந்தாமல் ஒரே கோட்டில் நிற்கும். நீளம் இரண்டின் அடுக்காகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. 1965-ல் வந்த கூலி–டூக்கி கட்டுரையே நீளம் எந்தக் காரணிகளாகப் பிரிந்தாலும் செல்லுபடியாகும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. 1000 என்பது இரண்டுகளும் ஐந்துகளும்தான், நம்பைக்கு அது சுலபம். ஆனால் இது சோதனைக்கு மட்டுமே உதவும். மோட்டாரின் வேகம் உங்கள் கோடுகளைப் பார்த்து ஓடாது. அங்கே விண்டோ வேண்டும்.

கேட்டவர்

நன்றி. டிசியைக் கழித்து, ஹான் போட்டு, கூட்டுத்தொகையால் வகுத்தேன். 0.975 வருகிறது. மோட்டார் தரவில் 130 அப்படியே நிற்கிறது. 48–50 மேடு இன்னும் தடித்துவிட்டது. பூஜ்ஜியங்கள் சேர்த்து 4096 நீளமாக்கிப் பார்த்தேன்; வளைவு வழவழப்பானது, மேடு பிரியவில்லை.

பதில் 1

பூஜ்ஜியம் சேர்த்தால் அதே வளைவில் நெருக்கமாகப் புள்ளி வைக்கிறீர்கள், அவ்வளவுதான். புதிய தகவல் எதுவும் உள்ளே போகவில்லை. அந்த மேட்டில் இரண்டு விஷயங்கள் இருக்கலாம்: சுழற்சியின் இரட்டிப்பு 48.33, மின்சார லைனிலிருந்து வயர் பிடிக்கும் 50. இடைவெளி 1.67 ஹெர்ட்ஸ். நீங்கள் பதிவு செய்வது 1.024 நொடி. அந்த நேரத்தில் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று வெறும் 1.7 சுற்றுதான் முந்துகின்றன. ஹான் விண்டோவில் இரண்டு பீக்குகள் தனித்தனியாகத் தெரிய குறைந்தது 2 கோடு இடைவெளி வேண்டும். 4 நொடி பதிவு செய்யுங்கள், தானாகப் பிரியும்.

பதில் 3

130 பற்றி. 130-ஐ 24.17-ஆல் வகுத்தால் 5.38. முழு எண் இல்லை, அதனால் சுழற்சியின் ஹார்மோனிக் இல்லை. ஆனால் 106-ம் 154-ம் 130-லிருந்து சரியாக 24 தள்ளி நிற்கின்றன, அதுதான் சுழற்சி வேகம். ஆக இந்த 130 தண்டின் சுழற்சியோடு ஒட்டிய ஏதோ ஒன்று, தண்டு ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அது ஏறி இறங்குகிறது. சைடுபேண்ட் இப்படித்தான் உண்டாகும்.

ஏடிசிக்கு முன்னால் ஃபில்டர் எதுவும் இல்லை என்று படிக்கிறேன். அப்படியானால் 500 ஹெர்ட்ஸுக்கு (சாம்ப்ளிங் ரேட்டில் பாதி) மேல் இருக்கும் எதுவும் மடிந்து கீழே வந்து உட்காரும். சாம்ப்ளிங் ரேட்டை 1200 ஆக மாற்றி, வேறு எதையும் தொடாமல் ஒரு பதிவு எடுங்கள். 130 நிஜமாக இருந்தால் 130-லேயே நிற்கும்.

கேட்டவர்

1200-ல் எடுத்தேன். 24 இடம் மாறவில்லை. 130-ல் ஒன்றுமே இல்லை! 330-ல் வந்துவிட்டது, சின்ன பீக்குகளும் கூடவே 306, 354க்குப் போயிருக்கின்றன.

பதில் 3

அப்போது ஏலியாசிங்தான், அதாவது நான் சொன்ன அந்த மடிப்பு. அசல் அதிர்வெண்ணையும் இப்போதே கண்டுபிடித்துவிடலாம். 1000-ல் எடுத்தபோது 130-ல் தெரியக்கூடியவை: 870, 1130, 1870, 2130... 1200-ல் எடுத்தபோது 330-ல் தெரியக்கூடியவை: 870, 1530, 2070, 2730... இரண்டு பட்டியலிலும் இருப்பது 870. இதற்கு மேலே போனாலும் பொதுவான எண்கள் வரும், ஆனால் அடுத்தது 5000க்கு மேல். அந்தச் சென்சார் எட்டும் வரம்புக்கு வெகு தூரம்.

மோட்டார் தண்டில் இருக்கும் கியரில் எத்தனை பல்?

கேட்டவர்

36.

பதில் 3

36 × 24.17 = 870. பல்லோடு பல் கடிக்கும் அதிர்வெண். உங்கள் வயரிங்கும் சரி, நிரலும் சரி.

இனி சாம்பிள் எடுத்த பிறகு மென்பொருளில் ஃபில்டர் போட்டு இதைச் சரி செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மடிந்து வந்த 870-க்கும் அசலான 130-க்கும் அந்த எண்களில் எந்த வித்தியாசமும் மிஞ்சியிருக்காது. தடுப்பு ஏடிசிக்கு முன்னாலேயே இருக்க வேண்டும்.

உங்களுக்கு 870-ம் அதன் சைடுபேண்டுகளும் வேண்டும், அதனால் 1000 ஹெர்ட்ஸ் வரை பார்த்தால் போதும். அதிர்வு அளவீட்டில் மேல் எல்லையை 2.56-ஆல் பெருக்கி சாம்ப்ளிங் ரேட் வைப்பது வழக்கம், 2560 வருகிறது. ஆனால் ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் மட்டும் வைத்த ஃபில்டர் (ஆர்சி) அதற்குப் போதாது. 1560 ஹெர்ட்ஸ் மடிந்து 1000-ல் விழும். 1000-ல் கட்-ஆஃப் (ஃபில்டர் குறைக்கத் தொடங்கும் இடம்) வைத்த ஆர்சி அதை 5 டெசிபல் அளவுக்குத்தான் குறைக்கும்.

நான் செய்வது இப்படி: ஏடிசியை 25600-ல் ஓட விடுவது, முன்னால் 2000 ஹெர்ட்ஸ் கட்-ஆஃப் உள்ள ஒரு சாதாரண ஆர்சி. இப்போது 0 முதல் 1000 வரையிலான பகுதிக்குள் மடியக்கூடியது 24600-லிருந்துதான் ஆரம்பிக்கிறது, அங்கே ஆர்சி சுமார் 22 டெசிபல் குறைத்திருக்கும்; சென்சாரே அந்த உயரத்தில் அனேகமாக எதையும் கொடுக்காது. அப்புறம் பைத்தானின் சைபை நூலகத்தில் இருக்கும் டெசிமேட் ஃபங்ஷனால் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். அது முதலில் ஃபில்டர் செய்துவிட்டுத்தான் சாம்பிள்களைக் குறைக்கும். பத்துக்கு ஒன்று என்று நீங்களே பொறுக்கி எடுத்தால் ஏலியாசிங் பின்வாசல் வழியாக மறுபடி வரும்.

ஆர்சியால் 1000 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் இழப்பு இருக்கும். 870-ன் வீச்சு முக்கியம் என்றால் கணக்கில் திருத்திக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

செய்து முடித்துவிட்டேன். 25600-ல் 4 நொடி, பத்தில் ஒன்றாகக் குறைத்து 10240 சாம்பிள், கோடு இடைவெளி 0.25 ஹெர்ட்ஸ். 48.25, 50 இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. 130 காலி. 870 அதன் இடத்தில் இருக்கிறது, 846-லும் 894-லும் சைடுபேண்ட். இந்த சைடுபேண்டுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

பதில் 1

48.25 என்பது 48.33-ன் பக்கத்துக் கோடு, அது சரி. 50 லைன் இரைச்சல்தானா என்று பார்க்க மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு பதிவு எடுங்கள்; அப்போதும் 50 இருந்தால் சென்சார் வயருக்கு ஷீல்டு போட வேண்டும்.

பதில் 3

கொஞ்சம் சைடுபேண்ட் நல்ல கியரிலும் இருக்கும். எந்தப் பல் சக்கரமும் அச்சில் நூறு சதவீதம் நடுவாக உட்காராது. பார்க்க வேண்டியது அது வளர்கிறதா என்பதைத்தான். இன்றைய பதிவை அப்படியே சேமித்து, அதோடு ஆர்பிஎம், லோடு, சென்சார் ஒட்டிய இடம், சாம்ப்ளிங் ரேட், எந்த விண்டோ என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த பதிவையும் அதே லோடில், அதே இடத்தில் எடுங்கள். லோடு மாறினாலே 870-ன் உயரம் மாறும், அதைத் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லோடு மாறாமலே 846-ம் 894-ம் ஏறிக்கொண்டே போய், அவற்றுக்கு அப்பால் இன்னொரு 24 தள்ளி 822-லும் 918-லும் புதிதாக முளைத்தால், அந்தத் தண்டின் கியரைத் திறந்து பாருங்கள்.