வேங்கை மரத்தை எடுத்துட்டா வள்ளி திருமணம் நிக்குமா?

மலைப்பூண்டு:
"வள்ளி திருமணம் நாடகத்துல கதையே கிடையாது, விடிய விடியப் பேச்சுதான்"னு திருவிழாப் படத்துக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருக்கார். பத்து மணிக்குப் பபூன், அப்புறம் பபூன்-டான்ஸ், கதை ஆரம்பிக்கவே பன்னிரண்டு ஆகும். பபூனைப் பார்த்துட்டுப் படுக்கப் போனவரெல்லாம் கதையைப் பத்தித் தீர்ப்பு சொல்றார்.

கீழ்மலைக் காப்பி:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணும் மாறலைன்னா அது கதையோட உறுப்பே இல்ல. அரிஸ்டாட்டில் வச்ச சோதனை. வேங்கை மரக் காட்சியை உருவிப் பாருங்க. எது சரியுது?

பின்பாட்டு:
எல்லாம் சரியும். முருகன் வேடனா வந்து வள்ளிகிட்ட வம்பளக்கிறப்போ நம்பிராஜன் ஆளுகளோட வர்றான். உடனே வேடன் வேங்கை மரமா நிக்கிறான். அதுக்கப்புறம்தான் கிழவர், தேனும் தினைமாவும், விக்கல், சுனை, யானை. மரம் இல்லேன்னா வேடன் ஏன் கிழவனாகணும்?

கீழ்மலைக் காப்பி:
வள்ளி விரட்டிவிட்டா போதாதா? மரம் எதுக்கு?

மலைப்பூண்டு:
இந்த நாடகத்தை எழுதின சங்கரதாஸ் சுவாமிகளுக்கே (1867–1922) பாடம் எடுக்கிறீங்க. நடக்கட்டும்.

கீழ்மலைக் காப்பி:
கொடைக்கானல் மேல்மலையில பெரிய பேரைச் சொன்னா வாதம் முடிஞ்சிடும் போல. கேட்டது மரம்.

குறிஞ்சி2030:
ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது, டைரக்டரும் கிடையாது. ராஜபார்ட்டான கதாநாயகன் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்டான கதாநாயகி வேற ஊரு, சந்திப்பே மேடையிலதான். எல்லாருக்கும் தெரிஞ்ச கதைங்கிற கயிறு இருக்கிறதாலதான் தர்க்கத்தை, அதாவது மேடை வாக்குவாதத்தை, இஷ்டத்துக்கு இழுக்க முடியுது. கெடுறதும் அங்கதான். நாரதர்-வள்ளி தர்க்கம் மூணரையைத் தாண்டினா வேடன், கிழவர், யானை, கல்யாணம் அத்தனையையும் விடியறதுக்குள்ள ஒன்றரை மணி நேரத்துல திணிக்கணும். முதல் வெட்டு மரத்துக்குத்தான் விழும். ஆர்மோனியக்காரர் ரெண்டரைக்கே அடுத்த பாட்டை எடுத்துக்கொடுத்துட்டா இந்தப் பஞ்சாயத்தே வராது.

கீழ்மலைக் காப்பி:
"முதல் வெட்டு மரத்துக்கு." நன்றிங்க. வெட்டின பிறகும் கல்யாணம் நடக்குதுல்ல?

பின்பாட்டு:
நடக்கும், ஆனா யானை வந்ததும் கூட்டம் சிரிக்கும். முன்னாடியே ஆபத்தைக் காட்டி வைக்கலைன்னா, தாளமும் சத்தமும் கொடுக்கிற ஆல்ரவுண்ட்காரர் எவ்வளவு உருட்டினாலும் வள்ளி கிழவரைக் கட்டிக்கிறது காமெடியாத்தான் தெரியும்.

கீழ்மலைக் காப்பி:
சிரிப்பு, பயமெல்லாம் உணர்ச்சிக் கணக்கு. மரத்துக்கு வாங்க.

மலைப்பூண்டு:
சிலப்பதிகார உரையில அடியார்க்குநல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல்னு நாடகக் கதைக்கு அஞ்சு சந்தி, அதாவது அஞ்சு கட்டம், சொல்றார். மரம் கருப்பத்துல வருது.

கீழ்மலைக் காப்பி:
கருப்பத்துல மரம் முளைச்சிருக்கு. வாழ்த்துகள்.

குறிஞ்சி2030:
சீரியலை ஒரு மாசம் விட்டுட்டுப் பார்த்தாலும் புரியுதே, அப்போ அந்த ஒரு மாசமும் கதையில்லையா?

கீழ்மலைக் காப்பி:
இல்ல. நீங்களே சொல்லிட்டீங்க.

சோலைக்குருவி:
நடுவுல ஒரு சந்தேகம். மேல்மலையில மன்னவனூர்ப் பக்கம் ஒரு வேங்கை மரம் காட்டுங்க பார்ப்போம். கண்ணுக்கெட்டின மட்டும் வாட்டில், பைன், யூக்கலிப்டஸ்.

மலைப்பூண்டு:
வேங்கை அடிவாரச் சரிவு மரம். மேல ஏறித் தேடினா கிடைக்குமா?

கீழ்மலைக் காப்பி:
ஆக, மேல்மலையில மரமே இல்லாம நாடகம் நடக்குது. நானும் அதைத்தான் சொல்றேன்.

பின்பாட்டு:
பவளக்கொடி நாடகத்தைப் பத்தின திரியிலயும் இப்படித்தாண்ணே ஒரே வரியில தொங்கினீங்க.

கீழ்மலைக் காப்பி:
அந்தத் திரியில பதில் சொல்லாம ஓடினது யாரு தம்பி? சரி, வேடன் ஏன் மரமாகணும்? சொல்லுங்க.