புகைக்குழாய் வைத்தும் அடுப்படி முழுக்கப் புகை: இடித்துக் கட்டணுமா?

வெண்ணாறு:
நீடாமங்கலம் பக்கம், நாட்டு ஓடு வீடு. கொல்லைப்பக்க அடுப்படியில் இருந்த பழைய கொடியடுப்பைப் பெயர்த்துட்டு அதே இடத்தில் ரெண்டு கண் புகையில்லா அடுப்பு போட்டாச்சு. செங்கல், களிமண் கட்டு, மேலே சிமென்ட் பூச்சு. 4 அங்குல ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) பைப் சுவரைத் துளைச்சு வெளியே போய், எல்போவில் திரும்பி, தாழ்வார ஓட்டுக்கு மேலே ஓரடி நிற்குது. தொப்பி போடலை.

பற்றவைச்சதும் கால் மணி நேரம் புகை அடுப்பு வாய் வழியாவே திரும்பி வருது. மேல்காத்து (மேற்குக் காத்து) அடிச்சா நாள் முழுக்க அப்படித்தான். முன்கண்ணில் உலை கொதிக்குது, பின்கண்ணில் தண்ணி வெதுவெதுப்போட நின்னுடுது. வாய்ப்பக்கம் பூச்சு வெடிச்சு உதிருது. விறகு சவுக்கும் தென்னை மட்டையும். கேஸ் இருக்கு, ஆனா வெந்நீர், நெல் அவிக்கிறது, மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் இதில்தான். திரும்பக் கட்டணுமா?

கொத்துக்கரண்டி:
முதலில் ஒண்ணு சொல்லுங்க. கண்ணைச் சுத்தி மூணு குமிழ் இருக்கா?

வெண்ணாறு:
இருக்கு சார், ரெண்டு கண்ணிலும். பானை ஆடாம உட்காரட்டும்னு கொத்தனார் வெச்சார்.

கொத்துக்கரண்டி:
பாதி வியாதி அதுதான். பழைய அடுப்புக்குக் குமிழ் வேணும். புகையும் அனலும் வெளியேற அதுக்கு வேற வழி கிடையாது. புகைக்குழாய் வெச்ச அடுப்புக்கு அது எதிரி. குழாய் தனக்குக் கிட்டே எங்கே சந்து இருக்கோ அங்கிருந்துதான் காத்தை இழுக்கும். பின்கண் குழாய்க்கு ஒட்டி இருக்கு. அங்கே பானைக்கடியில் அரை அங்குலம் திறந்து கிடந்தா, பச்சைக் காத்து அதன் வழியா உள்ளே பாய்ஞ்சு நேரே குழாய்க்குப் போயிடும். வாய்க்கு இழுப்பு கிடைக்காது, புகை வெளியே தள்ளும். பின்பானையும் சூடாகாது. ஒரே காரணத்துக்கு ரெண்டு குறை.

குமிழைச் செதுக்கி எடுத்துடுங்க. கண் விளிம்பை நனைச்சு, ஈர மண்ணை வளையமா வெச்சு, தினமும் ஏத்துற பானையின் அடியில் சாம்பல் தடவி அதில் அழுத்திச் சுத்தி எடுங்க. பானை அச்சு அப்படியே விழுந்துடும். அதுக்கப்புறம் அந்தக் கண்ணுக்கு அந்தப் பானைதான். பின்கண்ணில் சமையல் இல்லைன்னாலும் ஒரு பானைத் தண்ணியை வெச்சு மூடியே இருக்கணும்.

சரியாச்சான்னு பார்க்க ஊதுபத்தி போதும். அடுப்பு எரியும்போது விளிம்பைச் சுத்திக் காட்டுங்க. புகை உள்ளே இழுபட்டா அங்கே சந்து இருக்கு. வாயில் காட்டும்போது இழுபடணும்.

அடுப்படி_திருவையாறு:
பின்கண்ணுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. கண்ணுக்குள்ளே கை விட்டுப் பாருங்க, அடியில் மேடு இருக்கா, வெறும் குழியா? குழியா இருந்தா அனல் தரையோட ஓடிக் குழாய்க்குப் போயிடும், பானையைத் தொடாது. பானை அடிக்கும் மேட்டுக்கும் நடுவே ரெண்டு அங்குலம் இருக்கிற மாதிரி மண்மேடு போடுங்க. அதுக்கு மேல உயர்த்தினா இழுப்பு செத்துடும். முன்கண்ணிலிருந்து பின்கண்ணுக்குப் போற துளை கொஞ்சம் ஏறுமுகமா, குழாய் அளவுக்குக் குறையாம இருக்கணும்.

விறகைத் தரையில் வெச்சு எரிக்கிறீங்கன்னா முன்கண்ணுக்குக் கீழே இரும்புக் கம்பிச் சல்லடை போடுங்க. அடியிலிருந்து காத்து ஏறினா தணல் நல்லா எரியும். மட்டைச் சாம்பல் சீக்கிரம் அடைக்கும், தினம் வாரணும். இந்த அடுப்பில் உமி கொட்டாதீங்க. கனன்று புகைஞ்சு துளையை அடைச்சுடும். உமிக்குத் தனி அடுப்பு இருக்கு.

தகரப்பட்டறை:
மேல்காத்துக்குப் புகை திரும்புறது குழாய் உயரக் கோளாறு. குழாய் தாழ்வாரத்துக்கு மேலே ஓரடி நின்னு பயனில்லை. முகட்டைத் தாண்டி அடிக்கிற காத்து கீழே சுழன்று குழாய்க்குள்ளே இறங்கும். பக்கத்தில் இருக்கிற முகட்டைவிட ரெண்டடியாவது மேலே போகணும். குழாய் வாய்க்கு மேலே அதன் அகலத்துக்குக் குறையாத இடைவெளி விட்டுத் தொப்பி போடுங்க. இல்லேன்னா ஐப்பசி மழை முழுக்க உள்ளேதான் இறங்கும். நனைஞ்ச குழாய் இழுக்காது.

எல்போவுக்குப் பதில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு அடிவாயில் மூடி வையுங்க. மாசம் ஒரு தடவை அதைத் திறந்து கரி தட்டலாம். காலையில் குழாய் குளிர்ந்து கிடந்தா அங்கேயே ஒரு பிடி காய்ஞ்ச பன்னாடையைக் கொளுத்தி மூடிட்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்க. அந்தக் கால் மணி நேரப் புகை வராது.

ஏசி பைப்பை நீங்களே ரம்பம் போட்டு அறுக்காதீங்க. அது ஆஸ்பெஸ்டாஸ், தூசி நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். உயரம் கூட்ட ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தகரக் குழாயை மேலே சொருகிக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காத்தில் ஜிஐ சீக்கிரம் துருப்பிடிக்கும், நீடாமங்கலத்துக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை. தகரக் குழாய், ஓட்டைத் தாங்குற ரீப்பர் கட்டைக்கு ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும். கீற்றுக் கொட்டகையா இருந்தா கூரை வழியா விடவே கூடாது.

வெண்ணாறு:
பூச்சுக்கு என்ன பண்றது? களிமண்ணே பூசினா அதுவும் வெடிக்குது.

கொத்துக்கரண்டி:
சிமென்ட் நெருப்புப் படுற இடத்தில் நிற்காது. அதைப் பிடிச்சு வெச்சிருக்கிற தண்ணி சூட்டில் போயிடும், அப்புறம் உதிரும். நெருப்பறையிலும் வாயிலும் முழுக்கக் கொத்தி எடுங்க. நம்ம பக்கத்து வண்டல் களி தனியா இருந்தா காயும்போது சுருங்கி வெடிக்கும். மூணு சட்டி களிமண், ஒரு சட்டி ஆற்று மணல், ஒரு சட்டி உமி அல்லது பொடியா நறுக்கின வைக்கோல். மூணு நாள் ஊறப்போட்டு மிதிச்சுப் பூசுங்க. கைக்கு ஒட்டினா மணல் பத்தலைன்னு அர்த்தம். நிழலில் பத்து நாள் காயட்டும், மெல்லிய வெடிப்பைச் சாணக்கரைசல் வெச்சு தேய்ச்சுவிடுங்க. அப்புறம் சின்னத் தீயா ரெண்டு நாள் மூட்டிட்டு, பிறகுதான் நெல் அவிக்கிற தீ.

வெண்ணாறு:
சரி சார். முதலில் குமிழை எடுத்துட்டு ஊதுபத்தி காட்டிப் பார்க்கிறேன், குழாயை அதுக்கப்புறம் உயர்த்திக்கலாம்ல?

தகரப்பட்டறை:
அப்படியே செய்யுங்க. மேல்காத்து தொடங்கும் முன்னே உயர்த்திடுங்க.