செஸ்ல வெள்ளையில அடிச்சு ஆட ஓப்பனிங் (ஆட்டத்தோட முதல் மூவ்கள்) செட்: எதை எடுக்கலாம்?

தண்டையார்பேட்டை64:
ரேட்டிங் 1450. லண்டன் சிஸ்டம் (டி4 தள்ளி மந்திரியை எஃப்4-ல வைக்கிற நிதானமான ஓப்பனிங்) ஆடுறேன், பாதி ஆட்டம் டிராவுல முடியுது. இ4-க்கு (ராஜா முன்னாடி சிப்பாயை ரெண்டு கட்டம் தள்றது) மாறி அட்டாக் ஆடணும். பெரம்பூர், கொளத்தூர் பக்கம் வார இறுதி டோர்னமென்ட்ல சிசிலியனும் (கறுப்பு சி5 ஆடுறது) காரோ-கானும்தான் (சி6 ஆடுறது) அதிகம் வருது. கறுப்பு இ5 ஆடினா ஃப்ரைடு லிவர் (எஃப்7-ல குதிரையைத் தியாகம் பண்ற அட்டாக்) ஆடலாமா? தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும்.

எச்7தியாகம்:
ஃப்ரைடு லிவரை நம்பி இறங்காதீங்க தம்பி. 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. மந்திரி சி4 குதிரை எஃப்6, அப்புறம் 4. குதிரை ஜி5, டி5, 5. சிப்பாய் வெட்டினதும் கறுப்பு குதிரையால திருப்பி வெட்டினாதான் எஃப்7 தியாகமே. இப்ப சின்னப் பசங்களும் 5... குதிரை ஏ5 (மூணு புள்ளி வந்தா கறுப்போட மூவ்) ஆடுறாங்க. ஒரு சிப்பாய் உங்களுக்கு, அட்டாக் அவங்களுக்கு. நீங்க கேட்டதுக்கு நேர் எதிர்.

ஸ்காட்ச் கேம்பிட் (கேம்பிட்னா சிப்பாயைக் கொடுத்து அட்டாக் வாங்கறது) எடுங்க: அதே முதல் ரெண்டு மூவுக்கு அப்புறம் 3. டி4 ஆடி, கறுப்பு வெட்டினதும் 4. மந்திரி சி4. அவர் மந்திரி சி5 வந்தா 5. சி3. அதையும் சிப்பாயால வெட்டினா 6. மந்திரி எஃப்7-ல வெட்டி செக், ராஜா வெட்டும், 7. ராணி டி5 செக், அடுத்து சி5 மந்திரி விழும். கறுப்பு ராஜாவுக்கு காசிலிங்கும் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல மாத்தி வைக்கிறது) போச்சு. ஆனா சரியான பதில் 4... குதிரை எஃப்6. அதுக்கு 5. இ5 டி5 6. மந்திரி பி5 குதிரை இ4 7. குதிரை டி4-ல வெட்டு. முதல்ல இதைப் படிங்க, பொறியெல்லாம் அப்புறம்.

சிசிலியனுக்கு ஸ்மித்-மோரா: 2. டி4 வெட்டு 3. சி3 வெட்டு 4. குதிரை சி3. அப்புறம் குதிரை எஃப்3, மந்திரி சி4, காசிலிங், ராணி இ2, யானை டி1. கேரம்ல ரெட் போட்டா ஃபாலோ போட்டே ஆகணும், அதே மாதிரிதான் இது. நடுவுல ஒரு மூவ் வீணாக்கினாலும் கொடுத்த சிப்பாய் நஷ்டக் கணக்கு. கறுப்பு குதிரை சி6, டி6 ஆடிட்டு அவசரமா 6... குதிரை எஃப்6 வந்தா 7. இ5! அதை குதிரையால வெட்டினா 8. குதிரை வெட்டு, சிப்பாய் வெட்டு, 9. மந்திரி எஃப்7 செக். ராஜா வெட்டினா டி8-ல கறுப்பு ராணி காலி.

கறுப்புக்கட்டம்:
அண்ணன் சொன்ன மோராவுல ஒரு விஷயம் சேர்க்கணும். 3... குதிரை எஃப்6 ஆடுறவங்க நிறைய. 4. இ5 குதிரை டி5, ஆட்டம் அலபினுக்கு (சிசிலியனுக்கு எதிரா 2. சி3 ஆடுற ஓப்பனிங்) போயிடும். அதனால அலபினும் படிக்காம மோராவை டோர்னமென்ட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

காரோ-கானுக்கு 1. இ4 சி6 2. டி4 டி5 3. இ5 மந்திரி எஃப்5 4. எச்4. இங்க 4... இ6 பெரிய தப்பு: 5. ஜி4 மந்திரி இ4 6. எஃப்3 மந்திரி ஜி6 7. எச்5, மந்திரிக்கு வழியில்லை, ஒரு சிப்பாயை வெட்டிட்டுதான் சாகும். விவரம் தெரிஞ்சவங்க 4... எச்5 ஆடுவாங்க, அப்ப 5. சி4-ன்னு நடுவுல உடைங்க.

தண்டையார்பேட்டை64:
நன்றிண்ணா. கறுப்புல டி4-க்கு?

எச்7தியாகம்:
கிங்ஸ் இண்டியன் (குதிரை எஃப்6, ஜி6, மந்திரி ஜி7, டி6, காசிலிங்). வெள்ளை டி5 தள்ளி நடுவை மூடினா எஃப்6 குதிரையை நகர்த்திட்டு எஃப்5, எஃப்4, ஜி5-ன்னு ராஜா பக்கம் ஏறுங்க. நடு திறந்திருக்கும்போது அந்தச் சிப்பாய்களைத் தள்ளினா உங்க ராஜாதான் அம்போ. லண்டன்காரங்களுக்கும் இதே செட்: டி6, குதிரை டி7, இ5.

முக்கால் மணி நேரத்துல கால் மணி லைன் பாருங்க. மிச்சம் அரை மணியில, மோராவுல நாலாவது மூவ் முடிஞ்ச நிலையை வச்சு ஒரு ஆளோட 15 நிமிஷ கேம் ஆடுங்க. அடுத்த நாள் பக்கம் மாத்தி ஆடுங்க.