மூட்டு மாற்றிய பிறகு சைக்கிள்: பினாங்கு நண்பர்களிடம் ஒரு கேள்வி

வணக்கம். வலது முழங்கால் மூட்டை மாற்றிச் சில மாதங்கள் ஆகின்றன. நடை பரவாயில்லை, கைத்தடியை ஓரங்கட்டியாகிவிட்டது. இப்போது ஆசையெல்லாம் சைக்கிள் மேல்தான்.

பிசியோவில் ஓடாத சைக்கிள் மிதிக்கிறேன். ஆரம்பத்தில் முழுச் சுற்று வரவே இல்லை. பெடல் மேலே வரும்போது முட்டி மடங்காமல் இடுப்பு தானாகத் தூக்கிக்கொள்ளும். பின்பக்கமாகச் சுற்றிப் பழகிய பிறகுதான் முன்பக்கம் வந்தது. அதற்கு முட்டி ஏறக்குறைய 110 பாகை மடங்க வேண்டுமாம். எனக்கு அதுவரை தாராளமாக மடங்கவில்லை, சீட்டை உயர்த்திச் சமாளிக்கிறேன். ஆனால் அதே உயரத்தில் ரோட்டில் போனால் சிக்னலில் கால் தரைக்கு எட்டாதே!

டாக்டர் சமதரையில் ஓட்டலாம், விழக்கூடாது என்கிறார். எப்படி விழாமல் இருப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

மூட்டு மாற்றிய அண்ணன், அக்கா யாராவது 170 மில்லிமீட்டர் கிராங்கை (பெடலைத் தாங்கும் தண்டு) எடுத்துவிட்டுக் குட்டையானது போட்டிருக்கிறீர்களா? முட்டி குறைவாக மடங்கினால் போதும் என்கிறார்கள். ஜார்ஜ்டவுன் பக்கம் எந்தக் கடையில் மாற்றித் தருவார்கள்? நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள் வாங்குவது நல்லதா? குயின்ஸ்பே கடலோரப் பாதையில் காலையில் கூட்டம் எப்படி?

அப்புறம், ஓட்டிய அன்று மாலை முட்டி வீங்கினால் மறுநாள் ஓய்வா, இல்லை லேசாக மிதிக்கலாமா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படி ஏறலாமா என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.