‘ஓரினக் கரும்பு ரம்’ சரியா?

நண்பர்களே,

ஒரே ரகக் கரும்பின் சாற்றிலிருந்து வடிக்கும் ரம்முக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ‘ஓரின’ என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. தாவரவியலில் இனம் (species) வேறு, ரகம் (variety) வேறு. இன்று பயிராகும் கரும்பே பல இனங்களைக் கலந்து உருவாக்கியது. கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவில் ‘நீலக் கரும்பு’ என்று புட்டியில் போடுகிறார்களே, அது ஒரு ரகத்தின் பெயர். ‘ஒற்றை’யும் குழப்பும்: சிங்கிள் மால்ட் விஸ்கியில் அச்சொல் ஒரே வடிசாலையைச் சுட்டுகிறது, ஒரே ரகத்தை அல்ல.

என் பரிந்துரை ‘தனிரகச் சாற்று ரம்’. ‘சாறு’ கட்டாயம் வேண்டும். சர்க்கரை ஆலையில் பல ரகங்கள் ஒன்றாக அரைபடும். சாறு காய்ந்து, சர்க்கரை பிரிந்து, எஞ்சும் மொலாசஸில் எந்த ரகத்தின் மணத்தைத் தேடுவது? மார்த்தினிக்கின் 1996ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டு விதிகள் புதுச்சாற்றைத்தான் கேட்கின்றன. அதை 65 முதல் 75 விழுக்காடு ஆல்கஹாலுக்குள் வடிப்பதால் கரும்பின் மணம் தங்குகிறது. 95 வரை ஏற்றினால் பெரும்பகுதி போய்விடும்.

*

ஐயா, ‘தனிரகம்’ மிகப் பொருத்தம். ஆனால் ‘சாற்று ரம்’ என்றால் பழச்சாறு கலந்த ரம் என்று படிப்பார்கள். ‘தனிரகக் கரும்புச்சாற்று ரம்’ என்றே எழுதுவோம், நீளமானாலும். பீப்பாயில் முதிர்த்தாதது என்பதைச் சொல்ல ‘வெள்ளை’யும் சேரட்டும், மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மரத்தின் வாசனை ரகத்தை மூடிவிடும்.

இச்சொல்லின் விளக்கக் குறிப்பில் சுவைக்கும் முறையும் இடம்பெற வேண்டும். 50 விழுக்காட்டு ரம் 20 மில்லி, வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில், குளிரூட்டாமல். குளிர்ந்தால் மணம் எழாது. ஐந்து நிமிடம் விட்டு, மூக்கை விளிம்பருகே மட்டும் கொண்டுபோகவும். உள்ளே நுழைத்தால் ஆல்கஹால் மூக்கை மரக்கச் செய்யும். பிறகு 5 மில்லி தண்ணீர் விட்டால் 40 விழுக்காடு, மேலும் 8 மில்லி விட்டால் ஏறக்குறைய 30. பச்சைப்புல், மிளகு, எலுமிச்சைத் தோல் ஆகிய மணங்கள் இந்த இறக்கத்தில்தான் பிரிந்து தெரியும். இரண்டு ரகங்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே விழுக்காட்டுக்குக் கொண்டுவராவிட்டால் ஒப்பீடே செல்லாது.

நகப்பூச்சு நீக்கியின் நெடி அடித்தால் அதை ரகத்தின் குணமாக எழுதிவிடக் கூடாது. அது எத்தில் அசிட்டேட்: வெட்டிய கரும்பு அரவைக்கு முன் கிடந்து புளித்திருக்கலாம், நொதித்தலில் வேண்டாத நுண்ணுயிர் புகுந்திருக்கலாம். அதற்கு ‘நொதிப்பிழை நெடி’ என்று தனிச்சொல் வைக்கலாமா?